நாற்பது வேலியும் ஓர் இரவும்: இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்தில் மூலதனமும் உழைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நவீன நாடகத்தில் முதலாளித்துவத்தை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் ஆலை, வேலைநிறுத்தம், தொழிற்சங்கம் ஆகியவற்றை மேடையேற்றிய நாடகங்களையே எடுத்துக்கொள்கின்றனர். காவிரிப் படுகையில் உழைப்பும் மூலதனமும் மோதிய இடம் ஆலை அன்று. வயலும் களத்துமேடுமே ஆகும். மயிலாடுதுறைப் பகுதியை நிலைக்களமாகக் கொண்ட நந்தனார் வரலாறு பெரியபுராணத்திலும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையிலும், இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ (1978) நாடகத்திலும் எவ்வாறு மாறி வருகிறது என்பதை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. நாற்பது வேலி நிலத்தின் வேலை ஓர் இரவில் முடிந்த நிகழ்ச்சியே ஒப்பீட்டின் மையம். உழைப்பைப் பறிப்பதோடு, அவ்வுழைப்பு நிகழ்ந்ததையே மறைத்து அதனை அற்புதமாகக் காட்டுவதும் சுரண்டலின் ஒரு பகுதி என்பதை இந்நாடகம் வெளிப்படுத்துகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நந்தன் கதை, இந்திரா பார்த்தசாரதி, கோபாலகிருஷ்ண பாரதியார், பண்ணையாள், கீழ்வெண்மணி, மயிலாடுதுறை, நவீன நாடகம்

முன்னுரை

மேடையில் உழைப்பைக் காட்டுவது எளிதன்று. உழைப்பு நீண்ட நேரம் நடப்பது. திரும்பத் திரும்ப ஒரே செயலாக அமைவது. நாடகமோ சில மணி நேரத்திற்குள் திருப்பங்களை வேண்டுவது. ஆகவே தொழிலாளர் வாழ்வைப் பேச வந்த நாடகங்கள் பலவும் உழைப்பை விடுத்து, கூலிக்கோரிக்கை, வேலைநிறுத்தம், அடக்குமுறை போன்ற மோதல்களையே காட்சிப்படுத்தின. உழைப்பு திரைக்குப் பின்னால் நின்றுவிட்டது.

அவ்வாறு உழைப்பு மறைந்துபோவதையே பொருளாகக் கொண்ட தமிழ் நாடகம் ‘நந்தன் கதை’ ஆகும். இந்நாடகம் இதுகாறும் பெரிதும் சாதி எதிர்ப்பு நோக்கிலும், செவ்வியல் கலைக்கும் நாட்டார் கலைக்கும் இடையிலான முரண் என்னும் நோக்கிலும் வாசிக்கப்பட்டுள்ளது. அவ்வாசிப்புகள் பொருத்தமானவையே. எனினும் இது நிலம், கூலி, வேலைநேரம் ஆகியவற்றைப் பற்றிய நாடகமும் ஆகும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தன் கதையின் நிலம்

நந்தனார் வரலாற்றின் இடங்கள் கொள்ளிடக் கரையைச் சார்ந்தவை. அவர் பிறந்ததாகக் கூறப்படும் ஆதனூர் கொள்ளிடத்தை ஒட்டிய மேற்காநாட்டைச் சேர்ந்தது. நந்தி விலகி வழிவிட்டதாகக் கூறப்படும் திருப்புன்கூர் வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளது. அக்கதையைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியார் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை அவர்தம் சமகாலத்தவர். உ.வே. சாமிநாதையர் இளமையில் மாயூரத்தில் பாரதியாரிடம் இசை பயின்றதோடு, பின்னாளில் அவர் வரலாற்றையும் எழுதினார்.

திருப்புன்கூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே உள்ளது கொள்ளிடமும் ஏறத்தாழ ஒருநாள் நடையுமே. ‘நாளைப் போவேன்’ என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார் என்று பெயர்பெற்ற ஒருவரைத் தடுத்தது தொலைவு அன்று. தடுத்தது எது என்னும் வினாவிற்கு மூன்று காலத்துப் படைப்புகளும் மூன்று விடைகளைத் தருகின்றன.

சேக்கிழாரிடம் இல்லாத ஆண்டை

12ஆம் நூற்றாண்டில் இயற்றப்பட்ட பெரியபுராணத்தில் நந்தனாரைத் தடுப்பது பிறப்பு பற்றிய எண்ணமே. தம் குலத்திற்குத் தில்லைக்குள் புக உரிமையில்லை என்று கருதி அவரே தயங்குகிறார். அவருக்கு ஊர்த் தொழிலுக்கான மானியமாகப் பறைத்துடவை என்னும் நிலம் உண்டு. கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்கிறார். அவரை வேலை ஏவும் நிலவுடைமையாளர் எவரும் அக்காப்பியத்தில் இல்லை.

1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அலுவலர் ஒருவரின் ஆதரவோடு அச்சேறிய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில் நிலைமை தலைகீழாகிறது. நந்தன் இங்கே பண்ணையாள். அவன்மேல் வேதியர் என்னும் ஆண்டை அதிகாரம் செலுத்துகிறார். சிதம்பரம் செல்ல வேண்டுமெனில் அவர் உத்தரவு வேண்டும். நாற்பது வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்துவிட்டுச் செல் என்று அவர் நிபந்தனை விதிக்கிறார். இறைவன் அருளால் அவ்வேலை ஓர் இரவில் முடிகிறது. மறுநாள் விளைந்த வயலைக் கண்ட வேதியர் நந்தனின் பெருமையை உணர்ந்து பணிகிறார்.

ஆண்டையும் நாற்பது வேலியும் பாரதியாரின் படைப்பு. மூலநூலில் இல்லாததை அவர் ஏன் சேர்த்தார்? அவர் கண்முன் இருந்த சமூகம் அதுவாக இருந்தது என்பதே ஏற்கத்தக்க விடை. அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பு இல்லை என்று 1843ஆம் ஆண்டுச் சட்டம் கூறியபோதும், பண்ணையடிமை நிலை தஞ்சை நிலத்தில் நீடித்தது. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களின் வழியே இப்பகுதி உழைப்பாளர்கள் கடல்கடந்த தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட காலமும் அதுவே. ஊரை விட்டுப் போக விரும்பும் பண்ணையாள், போக விடாத ஆண்டை என்னும் முரண் கதாகாலட்சேபம் கேட்ட மக்களுக்கு அன்றாடம் கண்ட ஒன்றாகவே இருந்திருக்கும்.

விடுப்பு என்னும் சிக்கல்

பாரதியாரின் நந்தன் கேட்பது பக்தி மொழியில் தரிசனம். உழைப்பின் மொழியில் விடுப்பு. ஆண்டையின் மறுப்பிற்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, உனக்குக் கோயில் எதற்கு என்னும் சாதியின் மறுப்பு. மற்றொன்று, நீ போனால் வயலை யார் பார்ப்பது என்னும் நிலவுடைமையின் மறுப்பு. முதலாவதற்குப் பதிலாகப் பக்தியை முன்வைக்கலாம். இரண்டாவதற்குப் பதில் வேலையை முடித்துக் காட்டுவது மட்டுமே. எனவேதான் கீர்த்தனையில் இறைவன் வயல்வேலையைத் தானே முடித்துத்தர வேண்டியதாகிறது.

நாற்பது வேலி என்பதன் அளவை எண்ணிப்பார்ப்பது நன்று. ஒரு வேலி என்பது 20 மா. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6⅔ ஏக்கர். நாற்பது வேலி என்பது சற்றேறக்குறைய 266 ஏக்கர். உழவு, நடவு, களையெடுப்பு, அறுவடை, போரடிப்பு என ஒரு போகத்தின் வேலையாகப் பெருந்திரளானோர் பல மாதங்கள் செய்ய வேண்டியது அது. அதனை ஒருவன் முன்வைத்து, முடித்துவிட்டுப் போ என்பது மறுப்பின் மற்றொரு வடிவமே. நிறைவேற்ற இயலாத அளவை வேலையாக நிர்ணயித்து, நிறைவேறாமைக்கு உழைப்பவனையே பொறுப்பாக்கும் முறையை ஆலைத் தொழிலிலும் காணலாம். பாரதியார் அதனை நெல்வயலில் காட்டினார்.

ஆனால் கீர்த்தனையின் தீர்வு ஒரு விலையைக் கேட்கிறது. நாற்பது வேலியின் வேலை முடிந்துவிட்டது. ஆனால் அதனைச் செய்த மனிதர் எவரும் இல்லை. விளைச்சல் உண்டு, உழைப்பு இல்லை. ஆண்டைக்கு நெல் கிடைத்தது. நந்தனுக்கு உத்தரவு கிடைத்தது. கூலி பற்றிய வினா எழவே இல்லை. அற்புதம் நந்தனை விடுவித்தது. பண்ணையை அது தொடவில்லை.

பண்ணையாளிலிருந்து தினக்கூலிக்கு

கீர்த்தனைக்கும் நாடகத்திற்கும் இடைப்பட்ட நூற்றாண்டில் காவிரிப் படுகையின் உழைப்பு உறவுகள் பெரிதும் மாறின. அம்மாற்றத்தை அறியாமல் 1978ஆம் ஆண்டு நாடகத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் கீழத்தஞ்சையில் பண்ணையாள்களையும் குத்தகையாளர்களையும் சங்கமாகத் திரட்டினர். சவுக்கடி, சாணிப்பால் புகட்டுதல் ஆகிய தண்டனைகளுக்கு எதிரான போராட்டமே அதன் தொடக்கம். பின்னர்க் கூலி முதன்மையான கோரிக்கை ஆயிற்று. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தோரைக் கட்டுப்படுத்த முனைந்தது. சட்டத்தின் பாதுகாப்பு பண்ணையாளுக்கு என்றானதும், பண்ணையாள் வைத்துக்கொள்வதையே மிராசுதார் பலர் கைவிட்டனர். நேற்று வரை பண்ணையாளாக இருந்தவர் தினக்கூலி ஆனார். சவுக்கு போயிற்று, அதனோடு ஆண்டு முழுவதற்குமான வேலை உறுதியும் போயிற்று. பழைய பிணைப்பு அறுந்து, உழைப்பை அன்றன்றைக்கு விற்று வாழும் நிலை வந்ததே இப்பகுதியில் முதலாளித்துவ உறவு வேரூன்றிய முறை எனலாம்.

1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்குத் தஞ்சை தெரிவு செய்யப்பட்டது. குறுகிய கால நெல் வகையான ஆடுதுறை 27 பரவியது. குறுவையும் தாளடியும் பெருகின. விளைச்சல் உயர்ந்தபோது கூலியும் உயர வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். நிலவுடைமையாளர்கள் தமக்கென நெல் உற்பத்தியாளர் சங்கம் அமைத்தனர். உள்ளூர் ஆட்கள் கேட்ட கூலியைத் தர மறுத்து வெளியூர் ஆட்களைக் கொண்டு அறுவடை செய்தனர். இம்மோதலின் உச்சமாக 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் தீக்கிரையாக்கப்பட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களுக்குக் கீழமை நீதிமன்றம் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கூலிச் சிக்கலை ஆராயக் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969இல் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதி இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு ‘குருதிப்புனல்’ நாவலை எழுதினார். அதற்கு 1977இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டில் வெளிவந்தது ‘நந்தன் கதை’. நாவல் தீயில் முடிகிறது; நாடகமும் தீயில் முடிகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்கும் எவர்க்கும் நந்தன் புகுந்த தீயும் வெண்மணியில் எரிந்த தீயும் ஒன்றையொன்று நினைவூட்டாமல் இரா.

1978: நாற்பது வேலியை முடித்தவர்கள் யார்?

இந்திரா பார்த்தசாரதி பாரதியாரின் கதையமைப்பை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொள்கிறார். நந்தன், வேதியர், நாற்பது வேலி, சிதம்பரம் ஆகிய அனைத்தும் உள்ளன. ஆடற்கலையில் ஈடுபாடு கொண்ட அபிராமி என்னும் பாத்திரம் புதிதாகச் சேர்கிறது. ஆனால் ஓரிடத்தில் அவர் கதையின் அச்சையே மாற்றிவிடுகிறார். ஓர் இரவில் வேலையை முடிப்பது இறைவன் அன்று. வேதியரும் ஊரின் பிற நிலவுடைமை மேல்சாதியினரும் கூடிச் சூழ்ச்சி செய்து, ஆட்களை ஏவி வேலையை முடிக்கின்றனர். பின்னர் அதனை இறைவன் செய்த அற்புதம் என்று நந்தனை நம்பவைக்கின்றனர். நம்பிய நந்தன் சிதம்பரம் செல்கிறான். தீயில் புகுந்தால் தூயவனாக வெளிவரலாம் என்று சொல்லப்படுகிறது. நந்தனும் அபிராமியும் தீக்கு இரையாகின்றனர்.

இம்மாற்றத்தை இறைமறுப்பு என்று மட்டும் கொள்வது போதாது. மூன்று கூறுகள் இதில் உள்ளன.

முதலாவது, அற்புதம் என்பதன் பொருளாதாரம் வெளிப்படுகிறது. நாற்பது வேலியின் வேலையை மனிதர்களே செய்தனர். அவர்கள் இரவில் வந்தனர்; விடியுமுன் அகன்றனர்; அவர்கள் பெயர் எவர்க்கும் தெரியாது. ஓர் உழைப்பு அற்புதமாகத் தோன்றுவதற்குத் தேவையானது ஒன்றே: உழைத்தவர் கண்ணில் படக்கூடாது. சந்தையில் விற்கப்படும் பண்டம் தன்னைச் செய்த கைகளை மறைத்துத் தானே மதிப்புடையது போல் தோன்றுகிறது என்று மார்க்சு ‘மூலதனம்’ நூலில் விளக்குகிறார். அவ்விளக்கம் ஒரு பண்ணையின் அளவில் இங்கே நாடகக் காட்சியாக அமைகிறது.

இரண்டாவது, ஓர் உழைப்பாளர் கூட்டத்தைக் கொண்டு மற்றோர் உழைப்பாளன் வீழ்த்தப்படுகிறான். இரவில் வேலை செய்தவர்கள் நந்தனின் பகைவர்கள் அல்லர். அவர்கள் செய்தது என்ன என்பது அவர்களுக்கே முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் உழைப்பே நந்தனைத் தீ வரை கொண்டுசெல்கிறது. கீழத்தஞ்சையில் வெளியூர் ஆட்களை இறக்கி உள்ளூர்க் கோரிக்கையை முறியடித்த நடைமுறையை அறிந்த பார்வையாளர்க்கு இக்காட்சி புராணக் காட்சியாகத் தோன்றாது.

மூன்றாவது, பெருஞ்செலவில் இச்சூழ்ச்சி ஏன் என்னும் வினா எழுகிறது. ஒரு பண்ணையாளை அடித்து அடக்குவது எளிது, செலவும் குறைவு. ஆயினும் அடிபட்டவன் தன் மக்களிடையே எதிர்ப்பின் அடையாளமாகக்கூடும். அற்புதத்தை நம்பித் தானே தீயில் புகுந்தவனோ வழிபடத்தக்கவன் ஆகிவிடுகிறான். அவனைப் போல் போக விரும்புவோர்க்குத் தீயே வழி என்றாகிறது. நாடகத்தின் ஆண்டைகள் நந்தனின் உடலோடு அவன் கதையையும் கைப்பற்றுகின்றனர்.

பிற மேடைகளோடு ஓர் ஒப்பீடு

‘நந்தன் கதை’ வெளிவந்த அதே 1978இல் தில்லியின் ஜன நாட்டிய மன்றம் ‘மெஷின்’ என்னும் வீதி நாடகத்தை உருவாக்கியது. காசியாபாத் பகுதி ஆலையொன்றின் தொழிலாளர்கள் மிதிவண்டி நிறுத்துமிடமும் தேநீர் அருந்த ஓர் இடமும் கேட்டதும், அங்கு நடந்த துப்பாக்கிச் சூட்டில் 6 பேர் இறந்ததும் அதன் பின்னணி. நடிகர்களே தம் உடல்களைப் பிணைத்து இயந்திரமாகி இயங்குகின்றனர். தொழிலாளி விலகும்போது இயந்திரம் நின்றுபோகிறது. இயந்திரம் என்று நாம் காண்பது மனித உடல்களே என்பதை ஏறத்தாழ 13 நிமிடங்களில் அது உணர்த்திவிடுகிறது. இம்மன்றத்தைச் சேர்ந்த சஃப்தர் ஆஷ்மி 1989 சனவரி 1 அன்று ஜண்டாபூரில் தொழிலாளர்களுக்காக நாடகம் நிகழ்த்தியபோது தாக்கப்பட்டு, மறுநாள் உயிரிழந்தார்.

இரு நாடகங்களும் ஒரே உண்மையை எதிரெதிர் வழிகளில் அணுகுகின்றன. ‘மெஷின்’ மறைந்த உழைப்பை உடலாகக் கண்முன் நிறுத்துகிறது. ‘நந்தன் கதை’ உழைப்பு எவ்வாறு மறைக்கப்படுகிறது என்னும் செயல்முறையைக் காட்டுகிறது. முன்னது ஆலைவாயிலில் நின்ற தொழிலாளரை நோக்கியது. உழைப்பைக் கண்டும் நந்தனார் கீர்த்தனையைக் கேட்டும் வளர்ந்தவர்களை நோக்கியது பின்னது.

செர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் ‘இறைச்சிக் கொட்டில்களின் புனித ஜோன்’ நாடகமும் இங்கு ஒப்பிடத்தக்கது. சிக்காகோவின் இறைச்சித் தொழிலில் வேலையிழந்தோர்க்கு இறைப்பற்றின் வழியே உதவ முனைகிறாள் ஜோன். அவள் நல்லெண்ணமே முதலாளிகளுக்குப் பயன்படுகிறது. உண்மையை உணர்ந்து அவள் பேச முயலும்போது, அவள் சொற்கள் கேட்காதபடி துதிப்பாடல் ஓங்க, இறக்கும் அவளை முதலாளிகளே புனிதையாக்கிவிடுகின்றனர். சுரண்டலை எதிர்த்தோரைத் தெய்வமாக்கி வாயடைக்கும் முறையைப் பிரெக்ட் இறைச்சிச் சந்தையில் கண்டார். இந்திரா பார்த்தசாரதி நெல்வயலில் கண்டார். வேறுபாடும் உண்டு. ஜோன் இறக்குமுன் ஏமாற்றத்தை உணர்கிறாள். நந்தன் கதையிலோ அவ்வுணர்வு பார்வையாளரிடமே விடப்படுகிறது. சூழ்ச்சியைப் பார்வையாளர் முன்னமே அறிந்திருக்க, நந்தன் மட்டும் அறியாமல் தீயை நோக்கி நடக்கிறான். பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பதே இங்கு ஒரு தண்டனையாகிறது.

நாடகத்தின் எல்லைகள்

இந்நாடகம் உழைப்பை முழுமையாகப் பேசிவிட்டது என்று கூற இயலாது. காவிரிப் படுகையில் நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. கீழ்வெண்மணியில் மாண்டோரிலும் பெண்கள் பலர். ஆயினும் நாடகத்தின் மையப் பெண்பாத்திரமாகிய அபிராமி வயலில் இறங்கி வேலை செய்பவள் அல்லள். நாற்பது வேலியில் நடவு நட்ட பெண்களை மறைத்தது ஆண்டைகள் மட்டுமல்லர். நாடகத்தின் கட்டமைப்பும் ஓரளவு அதற்குத் துணைபோகிறது.

மேலும், கீழத்தஞ்சையின் வரலாற்றில் பண்ணையாள்கள் சங்கமாக எழுந்து வெற்றிகளும் பெற்றனர். நாடகத்தில் நந்தன் தனியன். அவன் விடுதலை வேட்கையும் தனிமனித வேட்கையாகவே நிற்கிறது. இதனை நாடகத்தின் குறை என்று கொள்வதா, கூட்டத்திலிருந்து பிரிந்த தனிமனித விடுதலை தீயில்தான் முடியும் என்னும் எச்சரிக்கை என்று கொள்வதா என்பது வாதத்திற்குரியது. சூழ்ச்சிக்காரர்கள் கூட்டாகச் செயல்பட நந்தன் மட்டும் தனித்து நிற்பதாக அமைத்திருப்பதை நோக்கின், இரண்டாவது விளக்கமே பொருந்துவதாக இக்கட்டுரை கருதுகிறது.

முடிவுரை

மூன்று நூல்களையும் ஒருங்கே நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. நந்தனாரைத் தடுப்பது பெரியபுராணத்தில் பிறப்பு. கீர்த்தனையில் பிறப்போடு பண்ணைவேலை. நாடகத்தில் இவ்விரண்டையும் காக்கும் நிலவுடைமைக் கூட்டணி.

2. நாற்பது வேலி நிகழ்ச்சியில் கீர்த்தனை மனித உழைப்பை இறையருளாக்கியது. நாடகம் அவ்வருளை மீண்டும் மனித உழைப்பாக்கியது. வேலையை மனிதர்களிடம் திருப்பித் தந்ததே இந்நாடகத்தின் தலையாய பங்களிப்பு.

3. சுரண்டல் என்பது குறைந்த கூலி மட்டுமன்று. உழைத்தவரைக் காணாமற்செய்வதும் அதன் பகுதி என்பதை நாடகம் நிறுவுகிறது.

இன்று மயிலாடுதுறை, திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இயங்குகின்றன. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் தொழிலாளர் குழுக்கள் வருகின்றன. சில நாள்களில் வயல்களைப் பச்சையாக்கிவிட்டு அடுத்த ஊருக்குச் சென்றுவிடும் அவர்களுடைய பெயரும் மொழியும் உள்ளூரில் பலர்க்குத் தெரியா. அவர்களின் வேகத்தை வியந்து பேசுவோர் உண்டு. வியப்பு அற்புதத்திற்கு மிக அருகில் உள்ள உணர்வு. நாற்பது வேலியை முடித்தவர்கள் யார், அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன, அவர்கள் இடத்தில் முன்னர் நின்றவர்கள் எங்கே என்று 1978இல் ஒரு நாடகம் எழுப்பிய வினாக்கள் இந்நிலத்தில் இன்னும் விடைபெறவில்லை. ‘நந்தன் கதை’யை மேடையேற்றும் குழுக்களும் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் அவ்வினாக்களை முன்னிறுத்துவது, பக்திக் கதையாக அறியப்பட்ட ஒன்றை இம்மண்ணின் உழைப்பு வரலாறாகவும் வாசிக்க வழிவகுக்கும்.